ராஜா–சிப்பாய் இறுதியாட்டம்: கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே சதுரங்கக் கட்டங்களின் பெயர்கள் வழக்கமான முறையிலேயே தரப்படுகின்றன. வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து எட்டுப் பத்திகளும் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் எனவும், வெள்ளையின் பக்கத்திலிருந்து எட்டு வரிசைகளும் 1 முதல் 8 வரையிலும் எண்ணப்படுகின்றன. ஆகவே இ4 என்பது இ பத்தியும் நான்காவது வரிசையும் சந்திக்கும் கட்டம். பலகையை எதிரில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. மனத்தில் மட்டும் பார்த்தால் ஒரு கட்டம் தவறினாலும் முடிவு மாறிவிடும்.

யானை, குதிரை இறுதியாட்டங்கள்தானே அதிகம் வருகின்றன? ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ளவற்றை ஏன் முதலில் கற்க வேண்டும்?

யானை இறுதியாட்டங்கள் அதிகம் வருகின்றன என்பது சரிதான். ஆனால் யானைகளோ குதிரைகளோ மந்திரிகளோ மிச்சமிருக்கும் எந்த நிலையிலும், அடுத்த பரிமாற்றத்துக்குப் பின் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு நிலை காத்திருக்கிறது. அந்த நிலை வெற்றியா, தோல்வியா, டிராவா என்று சொல்லத் தெரியாதவர் யானைக்கு யானையைக் கொடுக்கலாமா என்ற எளிய கேள்விக்கும் ஊகத்தால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ராஜா–சிப்பாய் நிலைகளில் 'கொஞ்சம் நல்ல நிலை' என்ற பேச்சுக்கு இடம் மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரே ஒரு நகர்த்தல் வெல்லும், அதற்குப் பக்கத்துக் கட்டத்துக்குச் செல்லும் நகர்த்தல் டிராவில் முடியும். இந்தத் துல்லியம் கடுமையானது, ஆனாலும் கற்பவருக்கு அது ஒரு வசதி: தன் கணக்கு சரியா தவறா என்பது சந்தேகமின்றித் தெரிந்துவிடுகிறது. 1921இல் இமானுவேல் லாஸ்கரை வென்று உலகச் சாம்பியனான கபாபிளாங்கா, தொடக்க ஆட்டங்களுக்கு முன்பே இறுதியாட்டத்தைப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்.

ராஜாவை ஒளித்து வைக்க வேண்டும் என்றுதானே கற்றோம்? எப்போது வெளியே கொண்டுவரலாம்?

ராணிகள் போய், செக்மேட் அபாயம் நீங்கியவுடன் கொண்டுவரலாம். அதன் பிறகு ராஜாதான் பலகையின் வலிமையான காய். ஓரத்தில் நிற்கும் ராஜாவை நடுப்பலகைக்குக் கொண்டுவருவதில் இரண்டு நகர்த்தல் தாமதித்தாலே தோற்கும் ஆட்டங்கள் ஏராளம்.

எதிரியின் ராஜா என் சிப்பாயைப் பிடித்துவிடுமா என்பதை ஒவ்வொரு கட்டமாக எண்ணாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, அதற்குச் சதுர விதி என்று பெயர். சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து அது ராணியாகும் கட்டம் வரை ஒரு பக்கமாகக் கொண்டு, எதிரி ராஜா இருக்கும் திசையில் ஒரு சதுரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்தச் சதுரத்துக்குள் நுழைய முடிந்த ராஜா சிப்பாயைப் பிடித்துவிடும். நுழைய முடியாத ராஜா பிடிக்காது.

வெள்ளைச் சிப்பாய் பி4இல் நிற்கிறது, வெள்ளை ராஜா உதவ முடியாத தொலைவில் இருக்கிறது, கறுப்பு ராஜா ஜி4இல் இருக்கிறது என்று கொள்வோம். சதுரத்தின் மூலைகள் பி4, பி8, எஃப்8, எஃப்4. கறுப்பின் முறை என்றால் ராஜா எஃப்5க்கு வந்து சதுரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பி5, இ6, பி6, டி7, பி7, சி7 என்று தொடர்ந்து, சிப்பாய் ராணியானவுடன் அதை எடுத்துவிடும். வெள்ளையின் முறை என்றால் சிப்பாய் பி5க்குச் சென்றதும் சதுரம் சுருங்கி அதன் எல்லை இ பத்தியோடு நின்றுவிடுகிறது; எஃப்5க்கு வரும் ராஜா வெளியிலேயே நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். இரண்டாவது வரிசையில் நிற்கும் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயக்கூடியது என்பதால், சதுரத்தை மூன்றாவது வரிசையிலிருந்து வரைய வேண்டும். மேலும், துரத்தும் ராஜாவின் பாதையில் அதன் சொந்தச் சிப்பாயே குறுக்கே நின்றால், சதுரத்துக்குள் இருந்தும் அது சுற்றிப்போக வேண்டியிருக்கலாம். அப்படிப்பட்ட நிலைகளில் விதியை விட்டுவிட்டு நேராக எண்ணுவதே பாதுகாப்பானது.

அப்போசிஷன் என்றால் என்ன?

இரண்டு ராஜாக்களும் ஒரே பத்தியிலோ ஒரே வரிசையிலோ, நடுவில் ஒரே ஒரு கட்டம் இருக்கும்படி எதிரெதிரே நிற்பதுதான் அப்போசிஷன். அப்போது நகர்த்த வேண்டிய கடமை யாருக்கு இல்லையோ அவரிடம் அப்போசிஷன் இருக்கிறது என்பார்கள், ஏனெனில் மற்றவர் நகர்ந்து வழிவிட்டாக வேண்டும்.

வெள்ளை ராஜா இ5இல், வெள்ளைச் சிப்பாய் இ4இல், கறுப்பு ராஜா இ7இல் இருக்கும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால் வெள்ளை வெல்கிறது: கறுப்பு டி7க்குச் சென்றால் வெள்ளை எஃப்6க்குச் செல்லும், எஃப்7க்குச் சென்றால் டி6க்குச் செல்லும், பிறகு சிப்பாய்க்கு வழி திறந்துவிடும். அதே நிலையில் வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால் டிரா. காய்கள் இம்மியும் மாறவில்லை. முறை மட்டுமே மாறியிருக்கிறது.

ராஜாக்களுக்கு நடுவே மூன்று அல்லது ஐந்து கட்டங்கள் இருந்தாலும் இதே தத்துவம் செல்லும். அது தொலைதூர அப்போசிஷன். வெள்ளை ராஜா இ1இல், கறுப்பு ராஜா இ8இல் நின்று வெள்ளையின் முறையாக இருந்தால், இ2க்கு வருவதன் மூலம் நடுவில் ஐந்து கட்டங்களை விட்டு வெள்ளை அப்போசிஷனைப் பிடிக்கிறது. கறுப்பு நேராக நெருங்கினால் வெள்ளையும் நேராக நெருங்கும். அது விலகினால் வெள்ளை எதிர்ப்பக்கமாக முன்னேறப் பார்க்கும்.

அப்போசிஷனைப் பிடித்தும் வெல்ல முடியவில்லை. எங்கே தவறு?

அப்போசிஷனையே இலக்காகக் கொண்டதில்தான் பெரும்பாலும் தவறு இருக்கும். அது ஒரு கருவி. ராஜா சென்று சேர வேண்டிய இடம் வேறு. அந்த இடங்களை முக்கியக் கட்டங்கள் என்று அழைக்கிறோம். ராஜா முக்கியக் கட்டம் ஒன்றை அடைந்துவிட்டால், யாருடைய முறையானாலும் சிப்பாய் ராணியாகும்.

ஓரப் பத்திகளில் அல்லாத சிப்பாய் இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது வரிசையில் இருந்தால், அதற்கு இரண்டு வரிசை முன்னால் உள்ள மூன்று கட்டங்கள் முக்கியக் கட்டங்கள். சிப்பாய் இ4இல் இருந்தால் டி6, இ6, எஃப்6. சிப்பாய் ஐந்தாவது வரிசையை அடைந்துவிட்டால் கட்டங்கள் ஆறாகின்றன: இ5 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6, டி7, இ7, எஃப்7. வெள்ளை ராஜா இ6இல், சிப்பாய் இ5இல், கறுப்பு ராஜா இ8இல் இருக்கும் நிலையில் வெள்ளையின் முறையாகவே இருந்தாலும் வெற்றிதான்: ராஜா டி6, கறுப்பு டி8, சிப்பாய் இ6, கறுப்பு இ8, சிப்பாய் இ7, கறுப்பு எஃப்7, ராஜா டி7. அப்போசிஷன் கைவிட்டுப் போயும் வெற்றி கைவிட்டுப் போகாததற்குக் காரணம், ராஜா ஏற்கெனவே முக்கியக் கட்டத்தில் இருப்பதுதான்.

அப்போசிஷனை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு முக்கியக் கட்டங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் பயிற்சி முறை குழப்பத்தையே வளர்க்கிறது என்பது என் கருத்து. முதலில் சேரிடத்தைக் காட்டிவிட்டால், வழியை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

ராஜாவை முதலில் நகர்த்துவதா, சிப்பாயை முதலில் தள்ளுவதா?

சிப்பாயைத் துரத்திப் பிடிக்கும் தொலைவில் எதிரி ராஜா இருக்கும்வரை, ராஜாவை முதலில். வெள்ளை ராஜா இ1இல், சிப்பாய் இ2இல், கறுப்பு ராஜா இ8இல், வெள்ளையின் முறை. சிப்பாய் இ2இல் இருக்கும்வரை முக்கியக் கட்டங்கள் டி4, இ4, எஃப்4. அவை ராஜாவுக்கு மூன்று நகர்த்தல் தொலைவில்தான் உள்ளன. டி2, இ3 என்று வந்து, கறுப்பு ராஜா எதிரில் இ6க்கு வந்தால் இ4ஐப் பிடித்து வெள்ளை வெல்கிறது. முதலிலேயே ஆசைப்பட்டுச் சிப்பாயை இ4க்குத் தள்ளினால், முக்கியக் கட்டங்களும் ஆறாவது வரிசைக்கு ஓடிவிடுகின்றன. கறுப்பு இ7க்கு வந்து, வெள்ளை ராஜா எந்தப் பத்தியில் ஏறினாலும் அதே பத்தியில் நடுவே மூன்று கட்டம் விட்டு எதிர்கொண்டு டிரா செய்துவிடும். பின்னால் தங்கிய சிப்பாய் நகர்த்தல் ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது: வெள்ளை ராஜா இ4இல், சிப்பாய் இ2இல், கறுப்பு ராஜா இ6இல் இருக்க, வெள்ளையின் முறையானால் சிப்பாயை இ3க்கு நகர்த்தி முறையைக் கறுப்பிடம் தள்ளிவிடலாம். சிப்பாய் முதலிலேயே இ3இல் இருந்திருந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

எனக்குச் சிப்பாயே இல்லை, எதிரிக்கு ஒன்று இருக்கிறது. டிரா செய்வது எப்படி?

சிப்பாய்க்கு முன்னால் நிற்க வேண்டும். பின்வாங்கும்போது நேராகப் பின்வாங்க வேண்டும். முன்பு பார்த்த நிலையையே தொடர்வோம்: வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7, வெள்ளையின் முறை. ராஜா டி5, கறுப்பு டி7, சிப்பாய் இ5, கறுப்பு இ7, சிப்பாய் இ6. இப்போது கறுப்பு ராஜாவுக்கு டி8, இ8, எஃப்8 என்று பின்வரிசையில் மூன்று கட்டங்கள் திறந்திருக்கின்றன. மூன்றில் இ8 மட்டுமே காப்பாற்றும். வெள்ளை டி6க்கு வந்தால் கறுப்பு டி8க்கு வந்து அப்போசிஷனைப் பிடிக்கிறது. சிப்பாய் இ7க்குச் செக் கொடுத்தபடி வரும், ராஜா இ8க்குத் திரும்பும், வெள்ளை இ6க்கு வந்து சிப்பாயைக் காத்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலேயே நகர்த்த வழியற்றுப்போகும் டிரா.

கறுப்பு இ8க்குப் பதில் டி8க்குப் பின்வாங்கியிருந்தால், வெள்ளை ராஜா டி6க்கு வந்ததும் கறுப்பு இ8க்கு நகர வேண்டியிருக்கும். சிப்பாய் இ7க்குச் செக் இல்லாமல் வரும். கறுப்பு எஃப்7க்கு விலகும், வெள்ளை டி7க்கு வந்து வெல்லும். சிப்பாய் ஏழாவது வரிசைக்குச் செக்கோடு வந்தால் டிரா, செக் இல்லாமல் வந்தால் வெற்றி என்று இந்த வகை நிலைகளுக்கு ஓர் அடையாளம் சொல்வார்கள். அவசரக் கணக்குக்கு அது உதவும்.

ஓரச் சிப்பாய்க்கு ஏன் விதி மாறுகிறது?

ஏ, எச் பத்திகளில் சிப்பாயின் ஒரு பக்கத்தில் பலகையே இல்லை. கறுப்பு ராஜா ஏ8 மூலையை அடைந்துவிட்டால் அதை வெளியே தள்ள வழியில்லை. தள்ள முயன்றால் ஸ்டேல்மேட்தான். ஆகவே ஏ பத்திச் சிப்பாய்க்கு முக்கியக் கட்டங்கள் பி7, பி8 ஆகிய இரண்டே. சிப்பாயின் உரிமையாளருக்கும் சிறைவாசம் நேரலாம்: வெள்ளை ராஜா ஏ7இல், சிப்பாய் ஏ6இல், கறுப்பு ராஜா சி7இல் இருந்தால், வெள்ளை ராஜா தன் சிப்பாயின் வழியைத் தானே மறித்து நிற்கிறது, கறுப்பு சி7, சி8 என்று மாறி மாறி நின்றால் போதும்.

ராஜா ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும் என்கிறார்களே, அது எப்படி?

பலகையில் குறுக்காகச் செல்லும் ஓர் அடியும் நேராகச் செல்லும் ஓர் அடியும் ஒரே விலை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அதே எண்ணிக்கை நகர்த்தல்களில் பல பாதைகள் இருப்பதால், எதிர்த்திசைகளில் உள்ள இரண்டு இலக்குகளையும் ஒரே பாதையில் அச்சுறுத்த முடியும். 1921இல் ரிச்சர்ட் ரேட்டி வெளியிட்ட புகழ்பெற்ற புதிர் இதைத்தான் காட்டுகிறது.

வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளையின் முறை. கறுப்புச் சிப்பாயைப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு நகர்த்தல் குறைகிறது. தன் சிப்பாயைக் காக்கவும் அது வெகுதொலைவில் இருக்கிறது. ஆனால் ராஜா ஜி7க்குச் செல்கிறது, கறுப்பு எச்4, ராஜா எஃப்6. இப்போது கறுப்பு எச்3க்கு ஓடினால் வெள்ளை இ7க்கு வந்து தன் சிப்பாயை ராணியாக்கிக்கொள்கிறது. இரு தரப்பும் ராணி பெற்று டிரா. கறுப்பு பி6க்கு வந்து சிப்பாயைத் தாக்கினால் வெள்ளை இ5க்கு வருகிறது. இங்கே இரண்டு கதவுகளும் திறந்திருக்கின்றன: கறுப்பு சிப்பாயை எடுத்தால் ராஜா எஃப்4க்கு வந்து எச் சிப்பாயைப் பிடிக்கும், எச்3க்கு ஓடினால் டி6க்கு வந்து சி சிப்பாயைக் காக்கும்.

இது புதிர்களில் மட்டும் வருவதா, உண்மையான ஆட்டங்களிலும் வருமா?

அதே 1921இல் பெர்லினில் ஷ்லாகே, ஆஹுவெஸ் இருவரும் ஆடிய ஆட்டத்தில் இதன் மறுபக்கம் வந்தது. வெள்ளை ராஜா இ6, சிப்பாய் ஏ6. கறுப்பு ராஜா சி3, சிப்பாய் ஏ7. வெள்ளை ஏ7 சிப்பாயை எடுக்க வேண்டும். கறுப்பு அதற்குள் சி7க்கு ஓடிவந்து வெள்ளை ராஜாவை ஓரத்தில் அடைக்க வேண்டும். ஏ7க்கு டி6, சி6, பி7 வழியாகவும் நான்கு நகர்த்தல். டி5, சி6, பி7 வழியாகவும் நான்கே. கண்ணுக்கு நேராகத் தெரிவது டி6 வழி; ஆட்டத்தில் வெள்ளை அதையே தேர்ந்தது, கறுப்பு டி4க்கு வந்தது. அங்கிருந்து இ5, டி6, சி7 என்று சேர்ந்துவிடலாம் என்பதால் டிரா.

டி5க்குச் சென்றிருந்தால், வெள்ளை ராஜா தன் வழியில் போய்க்கொண்டே கறுப்பு ராஜாவுக்கு டி4ஐ அடைத்திருக்கும். கறுப்பு டி3க்குச் சுற்றிப்போனால் சி6, டி4, பி7, டி5, வெள்ளை ஏ7ஐ எடுக்க, கறுப்பு சி6க்கு வரும். வெள்ளை பி8க்கு வெளியேறிச் சிப்பாயை ஓட்டிவிடும். ஒரே ஒரு நகர்த்தல் தாமதம்தான், ஆனால் அந்த ஒன்றே சி7ஐக் கறுப்பிடமிருந்து பறித்துவிடுகிறது. எதிரி ராஜாவைத் தோளால் இடித்துத் தள்ளுவது போன்ற இந்த உத்தியை, இலக்கை மட்டும் பார்த்து எண்ணுபவர்கள் தவறவிடுவார்கள். இரண்டு சமமான பாதைகள் தெரிந்தால், எது எதிரியின் பாதையைக் கெடுக்கிறது என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

இரு தரப்புக்கும் ஒவ்வொரு சிப்பாய், இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. யார் முதலில் தாக்குவது?

முந்துவது நல்லது, ஆனால் எந்தக் கட்டத்துக்கு முந்துகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5. வெள்ளை ராஜா எஃப்5இலும் கறுப்பு ராஜா டி4இலும் நின்றால், யார் நகர்த்த வேண்டுமோ அவர் தோற்கிறார். நகர்த்த வேண்டிய கட்டாயமே ஆளைக் கெடுக்கும் இத்தகைய நிலைக்குச் சுக்ஸ்வாங் என்று பெயர். இங்கே அது இரு தரப்புக்கும் பொருந்துகிறது.

இப்போது வெள்ளை ராஜா ஜி6இலும் கறுப்பு ராஜா சி3இலும் இருக்க, வெள்ளையின் முறை என்று வையுங்கள். உடனே எஃப்5க்குச் சென்றால் கறுப்பு டி4க்கு வந்து வெள்ளையைச் சுக்ஸ்வாங்கில் மாட்டிவிடும். எஃப்6க்குச் சென்றால், கறுப்பு தன் சிப்பாயைக் காக்க டி4க்கு வந்தாக வேண்டும். அப்போது வெள்ளை எஃப்5க்கு வரும், மாட்டிக்கொள்வது கறுப்பு. சிப்பாயைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும், ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு இரண்டாவதாகத்தான் வர வேண்டும்.

முறையை எதிரியிடம் தள்ளச் சிப்பாய் நகர்த்தல் எதுவும் மிச்சமில்லை என்றால்?

ராஜாவால் முக்கோணம் போடலாம். வெள்ளை ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு ராஜா சி8, சிப்பாய் ஏ6. வெள்ளையின் முறை. டி6க்குச் சென்றால் கறுப்பு டி8, சி5க்குச் சென்றால் கறுப்பு சி7, எதுவும் நடக்காது. இதே நிலை கறுப்பின் முறையாக இருந்தால் வெள்ளை வெல்லும்: கறுப்பு டி8க்குப் போனால் வெள்ளை டி6, சி7க்குப் போனால் வெள்ளை சி5.

ஆகவே வெள்ளை சி4க்குச் செல்கிறது, கறுப்பு டி8க்கு வருகிறது, வெள்ளை டி4, கறுப்பு சி8, வெள்ளை டி5. பழைய நிலையே திரும்பிவிட்டது, முறை மட்டும் கறுப்பினுடையது. டி5, சி4, டி4 என்ற முக்கோணத்தில் வெள்ளை மூன்று நகர்த்தல் செலவழித்தது. கறுப்பு சி8இலிருந்து கிளம்பித் திரும்ப இரண்டுதான் செலவழிக்க முடிந்தது. வெள்ளை சி4இலோ டி4இலோ இருக்கும்போது கறுப்பு பி8 அல்லது டி8இல் இருக்க வேண்டும், அந்த இரண்டு கட்டங்களும் ஒன்றுக்கொன்று அடுத்தவை அல்ல என்பதுதான் கறுப்பின் துயரம்.

இப்படி வெள்ளை ராஜாவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாகக் கறுப்பு ராஜா நிற்க வேண்டிய கட்டத்தைக் கண்டுபிடித்துக் குறிப்பதற்கு இணைக்கட்ட முறை என்று சொல்லலாம். லாஸ்கரும் ரைக்கெல்மும் 1901இல் தந்த ஒரு நிலை இதற்குப் பழைய பெரிய உதாரணம். ஓவியரும் கலைப் புரட்சியாளருமான மார்செல் டுஷாம்ப் 1932இல் ஹால்பர்ஷ்டாட்டுடன் சேர்ந்து இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார் என்பது சதுரங்கத்துக்கு வெளியே இருப்பவர்களை வியக்க வைக்கும் செய்தி. தொடக்க நிலையில் இருப்பவர் இந்த ஆழத்துக்கு இறங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன முக்கோணத்தைப் புரிந்துகொண்டாலே போதும்.

சிப்பாய்கள் அதிகமாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

தடையற்ற சிப்பாய், அதாவது எதிரிச் சிப்பாய் எதுவும் வழியில் தடுக்கவோ எடுக்கவோ முடியாத சிப்பாய், யாருக்கு உண்டு, அல்லது உருவாகும் என்பதைப் பாருங்கள். மற்றச் சிப்பாய்களிலிருந்து விலகித் தொலைவில் இருக்கும் தடையற்ற சிப்பாய் பெரும் ஆயுதம். அது பெரும்பாலும் ராணியாவதற்காக அல்ல, பலியாவதற்காகவே ஓடுகிறது. வெள்ளை ராஜா டி4, சிப்பாய்கள் ஏ4, ஜி4, எச்5. கறுப்பு ராஜா டி6, சிப்பாய்கள் ஜி5, எச்6. வெள்ளை ஏ5க்குத் தள்ளுகிறது. கறுப்பு ராஜா சி6, பி5 என்று போய் அதை எடுக்கும் நேரத்தில் வெள்ளை ராஜா இ5, எஃப்6, ஜி6 என்று மறுபக்கம் சென்று எச்6, ஜி5 இரண்டையும் வாரிக்கொள்கிறது.

இன்னொரு சிப்பாயால் காக்கப்படும் தடையற்ற சிப்பாய் வேறு வகையில் வலியது. எதிரி ராஜா அதை எடுக்கவும் முடியாது, அதன் சதுரத்தைவிட்டுப் போகவும் முடியாது. நம் ராஜாவுக்கோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அடுத்தடுத்த பத்திகளில் உள்ள இரண்டு தடையற்ற சிப்பாய்கள் ராஜாவின் துணையின்றியே ஒன்றையொன்று காத்துக்கொள்ளும்: இ5இல் முன் சிப்பாயும் டி4இல் பின் சிப்பாயும் இருக்க, கறுப்பு ராஜா டி4ஐ எடுத்தால் இ5 சிப்பாய் ஓடிவிடும், பிடிக்க முடியாது.

மூன்றுக்கு மூன்று சிப்பாய்கள் சமமாக நின்றால் டிராதானே?

எண்ணிக்கை சமம் என்பதால் நிலை சமம் ஆகிவிடாது. வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5, கறுப்புச் சிப்பாய்கள் ஏ7, பி7, சி7, கறுப்பு ராஜா தொலைவில், வெள்ளையின் முறை. பி6! கறுப்பு ஏ சிப்பாயால் எடுத்தால் சி6 என்று இன்னொன்றைப் பலியிடுகிறது. பி சிப்பாய் அதை எடுக்க, ஏ6 தள்ளப்படுகிறது. இனி அதைத் தடுக்க எதுவுமில்லை. கறுப்பு சி சிப்பாயால் எடுத்தால் ஏ6 முதலில், பிறகு சி6. கறுப்பின் முறையாக இருந்தால் பி6 என்று நடுச் சிப்பாயை முன்வைத்து இந்த உடைப்பைத் தடுத்துவிடலாம். எதிரியின் சிப்பாய்கள் ஐந்தாம் வரிசைவரை வந்துவிட்டனவா என்று அவ்வப்போது பார்ப்பது நல்ல பழக்கம்.

இரு தரப்பும் ஓட்டம் பிடித்து, இருவரும் ராணி பெற்றால்?

எண்ணிக்கை மட்டும் போதாது. யார் செக்கோடு ராணியாகிறார் என்பதையும், முதலில் பிறந்த ராணி எதிரியின் ராணியாகும் கட்டத்தைக் கட்டுப்படுத்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஏ8இல் பிறக்கும் ராணி, நடுவே மூலைவிட்டப் பாதை திறந்திருந்தால் எச்1ஐக் காவல் காக்கும். எதிரியின் சிப்பாய் அதன் பக்கத்திலிருந்து ஏழாவது வரிசையை எட்டி, ராணியாக ஒரு கட்டம் மட்டுமே மிச்சமிருக்கும்போது நாம் ராணி பெற்றால், அதன் ராஜா பக்கத்தில் துணைநிற்க நம் ராஜா தொலைவில் இருந்தால், பத்தியைப் பொறுத்தே முடிவு: பி, டி, இ, ஜி பத்திகளில் ராணி பொதுவாக வெல்லும், ஏ, சி, எஃப், எச் பத்திகளில் ஸ்டேல்மேட் தந்திரத்தால் பொதுவாக டிரா. ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே இந்தப் பத்திக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறது; மிச்சக் காய்களை எல்லாம் மாற்றிவிடலாமா?

பெரும்பாலும் நல்ல திட்டம், கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்கது அல்ல. கூடுதலாக இருப்பது ஓரச் சிப்பாயா, பரிமாற்றத்தின் கடைசி நகர்த்தலால் நம் ராஜா எங்கே நிற்கும், எதிரி ராஜா எங்கே நிற்கும், யாருடைய முறை என்ற நான்கையும் மாற்றத்துக்கு முன்பே பார்த்தாக வேண்டும். யானை இறுதியாட்டத்தில் ஒரு தவறைச் சரிசெய்ய இன்னொரு வாய்ப்பு வரக்கூடும். ராஜா–சிப்பாய் நிலைக்குள் இறங்கியபின் திரும்பி வர வழியில்லை. கடிகாரத்தில் நேரம் இருந்தால் அதைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே.

எப்படிப் பயிற்சி செய்வது? கணினியைப் பயன்படுத்தலாமா?

ஒரு நிலையை வைத்து, எந்தக் காயையும் தொடாமல், வெள்ளையின் முறை என்றால் என்ன முடிவு, கறுப்பின் முறை என்றால் என்ன முடிவு என்று இரண்டு பதில்களையும் தாளில் எழுதுங்கள். பிறகு இன்னொருவரோடு அல்லது கணினியோடு இரண்டு தரப்பிலும் ஆடிப் பாருங்கள். ஒரு ராஜா, ஒரு சிப்பாய், எதிரே ஒரு ராஜா என்ற வகையை இப்படித் தடுமாறாமல் ஆட முடிந்த பிறகுதான் இரண்டாவது சிப்பாயைச் சேர்க்க வேண்டும். இரு தரப்பும் ராஜாவையும் எட்டுச் சிப்பாய்களையும் மட்டும் தொடக்கக் கட்டங்களில் வைத்து ஆடும் ஆட்டமும் சிறுவர்களுக்கு ஏற்ற பயிற்சி.

ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையுள்ள நிலைகள் அனைத்துக்கும் சரியான முடிவைச் சொல்லும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. 2012இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஏழு காய்த் தரவுத்தளம் முதன்முதலில் முடிக்கப்பட்டது, 2018 முதல் லிச்செஸ் தளத்தில் இன்னொன்றை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பதிலை எழுதிய பிறகு அதைத் திறந்து பாருங்கள். எழுதுவதற்கு முன் திறந்தால், முடிவு தெரியும், காரணம் தெரியாது. தரவுத்தளம் 'டிரா' என்று மட்டும் சொல்லும். கறுப்பு ராஜா இ8க்கு நேராகப் பின்வாங்கியதால் டிரா என்று சொல்லாது.

எத்தனை நிலைகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

மிகச் சில. இங்கே காட்டியவற்றில் முக்கியக் கட்டங்கள், நேராகப் பின்வாங்கும் டிரா, ஓரச் சிப்பாய், முட்டிநிற்கும் இரண்டு சிப்பாய்கள் ஆகிய நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டியின் புதிரும் முக்கோணமும் மனப்பாடத்துக்கு உரியவை அல்ல. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட முடிகிறதா என்று சோதித்துக்கொள்வதே பயன் தரும்.